லைட்டா ஏதாவது

மாட்டுங்காவிலிருந்து வந்திருந்தார்கள்.
நனைந்த குடையை டிக்கெட் மேசையில் சாய்த்து,
நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும்
கொஞ்சம் குனிந்து கேட்டார்கள்:
"ஊர்லேர்ந்து நாத்தனார் வந்திருக்கா.
இந்த மாசம் என்ன நாடகம் பார்க்கலாம்?
அழுகை, சண்டை, ஜாதி, இதெல்லாம் வேண்டாம்.
லைட்டா ஏதாவது சொல்லேன்."

லைட்டா.
பதினோரு வருடமாக என் வேலையே அதுதான் மேடம்.
டிக்கெட் பையன் வராத நாளில்தான் இந்த மேசை.
மற்ற நாளெல்லாம் மேலே, ஏணி ஏறி,
பன்னிரண்டு விளக்கு, ஒரு பலகை, ஆறிப்போன டீ.
ஆராம் நகரின் எண்பது நாற்காலிகளுக்கு முன்னால்
யார் முகத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்று
விரல் நுனியில் முடிவு செய்கிறவள்.

சொல்கிறேன்.
புதன்கிழமை சந்தனமாரியுடையது.
தாராவிதான், எங்கள் சந்துக்கு மூன்றாவது சந்து.
பகலில் பை தைக்கிறாள்,
கரண்ட் போகும்போது எழுதுகிறாள்.
அவளுடைய ஆட்கள் இந்தியில் கடன் கேட்பார்கள்,
மராத்தியில் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள்,
தமிழில் மட்டும்தான் பொய் சொல்வார்கள்.
ஜாதி இருக்கிறது மேடம், மறைக்கவில்லை.
ஆனாலும் சிரிப்பீர்கள்.
எதற்குச் சிரித்தோம் என்பது
தாதர் தாண்டித்தான் உறைக்கும்.

சோனு வாங்கட் எழுதியது
ஆரே காட்டுக்குள்ளேயே நடக்கிறது. நல்ல செருப்பு வேண்டும்.
ரேஷன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் ஒரு சிறுத்தை.
அங்கே எனக்கு வேலை இல்லை.
நிலா இருந்தால் நிலா,
இல்லையென்றால் அவன் மாமாவின் டெம்போ ஹெட்லைட்.

ஒன்றுதான் முடியும் என்றால்
சனிக்கிழமை வாருங்கள்.
நிலோஃபர் மணியார். குர்லாக்காரி. காது கேட்காது,
வாயால் பேசுவதில்லை. ஆனால்
இந்த ஊரில் அவளை மிஞ்சிய வாயாடி இல்லை.
எழுதியதும் அவள், அம்மாவாக நடிப்பதும் அவள்.
கணவனும் மனைவியும் கையால் சண்டை போடும் வீடு.
தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும்
அவன் எழுந்து போய்
ஸ்விட்சை அணைத்துவிடுவான்.
அவ்வளவுதான்.
இருட்டில் அவளுக்கு மொழி இல்லை.

ஒத்திகையில் வழக்கம்போல முகத்துக்கு ஒளி வைத்தேன்.
கீழேயிருந்து பலகையைக் காலால் உதைத்துக் கூப்பிட்டாள்.
இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.
அன்றைக்குப் பன்னிரண்டு விளக்கையும்
ஒன்றரைச் சாண் இறக்கிக் கட்டினேன்.

இரண்டாவது ஷோவில் என் விரல் வழுக்கிற்று.
நான்கு நொடி முன்னதாக இருட்டு.
மேடையில் அவள் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தாள்.
எண்பது பேரும் அதுவும் நாடகம் என்றெண்ணிக்
கைதட்டினார்கள்.

முடிந்ததும் ஏணி ஏறி வந்தாள்.
அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
என் டார்ச்சை என் கையிலேயே திணித்து,
தன் விரல்களுக்கு நேராகத் திருப்பி,
விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தாள்.
எனக்குப் புரியவில்லை.
செல்போனில் தட்டிக் காட்டினாள்:
"அடுப்பில் பால் பொங்குது பார்."

அத்தனை பெரிய சண்டையின் நடுவே
அவள் சொல்ல வந்தது அது.
அரங்கமே சிரிக்க வேண்டிய இடம்.
எண்பது பேர் சிரிப்பை நான் தின்றிருந்தேன்.

போன ஜூலையில் தகரக் கூரையை மழை
உலக்கை போட்டு இடித்தது.
பெரிய பெயர்கள், பெரிய தொண்டைகள்,
வசனம் கேட்காமல் ஒவ்வொன்றாக நின்றன.
அவளுடையது மட்டும் ஓடியது,
நாற்காலிக்கு அடியில் தண்ணீர் ஓட,
எல்லாரும் காலைத் தூக்கி மடித்துக்கொள்ள.
கூட்டம் என்று சொல்லமாட்டேன்.
பத்தொன்பது பேர். அதில் இருவர்
மழைக்கு ஒதுங்கியவர்கள்.

மேடம் குடையைக் கையில் எடுத்தார்கள்.
"பாவம், காது கேக்காதவளா?"

பாவம் இல்லை மேடம். முந்நூறு ரூபாய்.
இரண்டு பேர் என்றால் அறுநூறு.
முன்வரிசை வேண்டாம், நடுவில் உட்காருங்கள்,
கை முழுசாகத் தெரியும்.
பால் பொங்குகிற வரைக்கும்
விளக்கு என் பொறுப்பு.
சிரிக்கிறது உங்களுடையது.